பிள்ளைத்தமிழில் பிள்ளை

1

நம்மிடையே பிள்ளைத்தமிழைப் பற்றிப் பேசுவது சற்று சங்கடமான காரியம். தொண்ணூற்றாறு வகைப் பிரபந்தம் என்று பட்டியல் போட்டு மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்த பண்டிதர்கள் ஒரு பக்கம். அந்தப் பட்டியலையே தூக்கி எறிந்த புதுக்கவிதைக்காரர்கள் மறுபக்கம். இரண்டு பேருமே அதைப் படிக்கவில்லை. கடவுளுக்கும் அரசனுக்கும் மடாதிபதிக்கும் பாடிய வடிவம், பிறகு நபிகள் நாயகத்துக்கும் ஏசுநாதருக்கும் காந்திக்கும் அரசியல் தலைவர்களுக்கும் என்று பரவிற்று. பாட்டுடைத் தலைவன் பெயரை மாற்றினால் போதும். பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு, ஆக நூறு செய்யுள் அச்சில் வார்த்தாற்போல் வந்து விழும். இவற்றில் பெரும்பாலானவை கவிதை இல்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு வடிவம் கவிதையாகத் தோற்றுப்போன பிறகும், அது எதைக் கவனித்ததால் உண்டாயிற்று என்ற கேள்வி மிச்சமிருக்கும். ஒரு குழந்தை எப்படி மனிதப் பிறவியாகிறது என்ற விஷயத்தில், மேல்நாட்டு உளவியல் இருபதாம் நூற்றாண்டில் அநாதை விடுதிகளின் வழியாக வந்து சேர்ந்த ஓர் உண்மை, இந்த வடிவத்தின் இலக்கணத்துக்குள் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னோர் எல்லாவற்றையும் அன்றே அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுகிறவர்களின் பேச்சாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டியல் எழுதியவர்களுக்கு நரம்பணு தெரியாது. குழந்தையிடம் என்ன பேசுவது, எந்த மாதத்தில் எதைக் கேட்பது என்பது தெரிந்திருந்தது. யாருடைய குழந்தையிடம் என்று கேட்டால்தான் அவர்கள் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றமும் இந்தச் சரித்திரத்தின் பகுதிதான்.

2

குழந்தையைப் பாடுவது பற்றித் தொல்காப்பியத்தின் புறத்திணையியலிலேயே ஒரு சூத்திரம் உண்டு. ஆனால் வடிவத்தின் முதல் உயிர்ப்பு ஒன்பதாம் நூற்றாண்டில் பெரியாழ்வாரிடம் நிகழ்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த ஓர் ஆண், யசோதையின் குரலை எடுத்துக்கொண்டு கண்ணனோடு பேசுகிறார். தொட்டில், நிலா, தளர்நடை, முதுகுப்புறம் வந்து கட்டிக்கொள்ளுதல், பூச்சி காட்டிப் பயமுறுத்தல், காது குத்தல், நீராட்டல், தலை வாரல் என்று அவர் எடுத்துக்கொள்ளும் காரியங்கள் எல்லாமே இரண்டு பேர் இருந்தால் மட்டுமே நடக்கக் கூடியவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் பாடியபோது அது தனி நூலாகிறது. அரசனுக்குப் பணி செய்யவும் ஆரம்பிக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை மேல் பாடியதோடு உச்சத்தைத் தொடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கையில் அது ஒரு பெரிய வித்தையாக இருந்தது.

பாட்டியல்கள் மாதக்கணக்குச் சொல்கின்றன. நூலுக்கு நூல் கணக்கு வேறுபட்டாலும் பரவலாகச் சொல்லப்படுவது இது: மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி, பதினேழில் சிற்றில், பத்தொன்பதில் சிறுபறை, இருபத்தொன்றில் சிறுதேர். பெண்பாலுக்குக் கடைசி மூன்றும் மாறி அம்மானை, நீராடல், ஊசல் என்றாகும்.

இந்த வரிசையை உடல் வளர்ச்சிப் பட்டியலாக மட்டும் படித்துவிட முடியும். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, முகத்தை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. நடந்து வருவது வருகை. ஆனால் பாட்டின் வினைமுற்றுகளைக் கவனித்தால் வேறொன்று தெரியும். குழந்தை கை கொட்டியது, நடந்தது என்று எந்தப் பருவமும் அறிக்கை தருவதில்லை. ஆடு, கொட்டு, தா, வா என்று கேட்கிறது. பெரியவர் கேட்க, குழந்தை செய்ய, அந்த இரண்டுக்கும் நடுவில் பருவம் நிகழ்கிறது. காப்புப் பருவத்தில் மட்டும் குழந்தையிடம் எதுவும் கேட்பதில்லை, தெய்வங்களைத்தான் கேட்கிறார்கள். உயிர் தங்கினால் போதும் என்றிருக்கும் மாதங்கள் அவை. பதினோராம் மாதத்தில் முத்தம் தா என்னும்போது, வாங்கிக்கொண்டு மட்டும் இருந்த ஒன்றிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்பது ஆரம்பமாகிறது.

அம்புலியில் இலக்கணமே திரும்புகிறது. அதுவரை குழந்தையைப் பார்த்துப் பேசிய குரல், இப்போது நிலாவைப் பார்த்துப் பேசுகிறது: இவனோடு விளையாட வா என்று. சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களாலும் நிலாவை அழைக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைக் கவிக்கு அம்புலி புலி என்று புலவர்கள் பயந்ததற்குக் காரணம் அந்தக் கஷ்டமான அலங்காரம்தான். அலங்காரத்தைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது: தாய், குழந்தை, இருவரும் சேர்ந்து பார்க்கும் மூன்றாவது பொருள். அடுத்த பருவமான சிற்றிலில் பேசுகிறவர் தாயே இல்லை. மணல்வீடு கட்டிய சிறுமிகள், அதைச் சிதைக்காதே என்று பையனைக் கெஞ்சுகிறார்கள். உலகத்தில் பிறரும் உண்டு, அவர்களுக்கும் வீடு உண்டு என்பது அங்கே வந்துவிடுகிறது. கூடவே சமூகமும் வருகிறது. முதல் ஏழு பருவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எட்டாவதிலிருந்து ஒருவன் பறை கொட்டித் தேர் இழுக்கிறான், ஒருத்தி அம்மானையும் ஊசலும் ஆடுகிறாள். பதினேழாம் மாதத்தில் பாதை பிரிந்துவிட்டது.

ஆக, இருபத்தொரு மாதமும் குழந்தைக்கு ‘நீ’ என்ற ஒரே இடம்தான். அது ஒரு தடவைகூட ‘நான்’ என்று பேசுவதில்லை.

3

மேல்நாட்டில் குழந்தை ஆராய்ச்சி வேறொரு இடத்தில் தொடங்கிற்று. டார்வின் தன் மகனைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளை 1877-ல் ‘மைண்ட்’ பத்திரிகையில் வெளியிட்டார். பிறகு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெஸல், குழந்தையை ஒரு கூண்டு போன்ற கூடத்துக்குள் வைத்து, உள்ளிருந்து வெளியே தெரியாத திரைக்குப் பின்னால் நின்று படம் பிடித்தார். எந்த வாரத்தில் தலை நிற்கும், எந்த வாரத்தில் உட்காரும் என்று அட்டவணை வந்தது. இன்று மருத்துவமனைச் சுவரில் தொங்கும் அட்டவணைகளுக்கு அவர்தான் பாட்டன். அதன் வினைமுற்று படர்க்கை: குழந்தை உட்காருகிறது. பார்க்கிறவர் இருளில் இருக்கிறார், குழந்தைக்கு அவரைத் தெரியாது. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது தானாக மணி அடிக்கும் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை. கடிகாரம் அவ்வளவு கறார் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட கணக்கு காட்டிற்று. தனியாக நடப்பது எட்டு மாதத்திலும் நிகழலாம், பதினேழு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இது நம் பாட்டியலின் பதின்மூன்றாம் மாதத்துக்கும் பொருந்தும்.

கடிகார நம்பிக்கையை உடைத்தது ஓர் அவலம். ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1945-லும் 1946-லும் எழுதிய கட்டுரைகளில் இரண்டு இடத்துக் குழந்தைகளை ஒப்பிட்டார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளின் விடுதி: சுத்தம், நல்ல உணவு, டாக்டர், ஆனால் ஒரு செவிலிக்குப் பல குழந்தைகள், தொட்டிலைச் சுற்றித் துணித்திரை. இன்னொன்று சிறை: அங்கே கைதிப் பெண்கள் தங்கள் குழந்தைகளைத் தாங்களே வளர்த்தார்கள். சிறைக் குழந்தைகள் தேறின. விடுதிக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் இறந்துபோயின. மிஞ்சியவற்றில் பல பேசவில்லை, நடக்கவில்லை. பாலும் சுத்தமும் காப்புப் பருவத்துக்குத்தான் ஆகும் என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொல்ல முடியாது. ஜான் பௌல்பி 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, தாயோ தாய் ஸ்தானத்தில் நிலையாக ஒருவரோ இல்லாமல் குழந்தையின் மனம் வளராது என்றது. 1958-ல் ஹாரி ஹார்லோ, பால் தரும் கம்பிப் பொம்மையை விட்டுவிட்டு, பால் தராத துணிப் பொம்மையைக் கட்டிக்கொள்ளும் குரங்குக் குட்டிகளைக் காட்டினார்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது பிறகு தெரிந்தது. பிறக்கும்போது மூளை பெரியவர் மூளையின் கால்பங்கு எடைதான் இருக்கும். இரண்டு வயதில் முக்கால் பங்கை எட்டிவிடும். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் 1979-ல் முன்மூளைப் பகுதியில் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளை எண்ணிப் பார்த்தார். ஒன்று இரண்டு வயதில் அவற்றின் அடர்த்தி, பெரியவர்களிடம் இருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதி அதிகம். பிறகு பதினாறு வயதுவரை குறைந்துகொண்டே வருகிறது. அதாவது மூளை முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டுக்கொண்டு, புழக்கத்தில் உள்ளவற்றைப் பலப்படுத்தி, மற்றவற்றைக் கழித்துவிடுகிறது. நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை உண்டாகி, நடக்காத பக்கம் புல் மூடிவிடுகிற மாதிரி. நடப்பது யார் என்பது கேள்வி. குழந்தையின் முனகலுக்கு ஒருவர் பதில் சொல்வதும், அதற்குக் குழந்தை மறுபதில் தருவதும்தான் அந்த நடை.

பதில் நின்றால் என்னாகும் என்பதை எட்வர்ட் ட்ரானிக் 1978-ல் காட்டினார். விளையாடிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிடும். இதெல்லாம் சில நிமிஷங்களில். ருமேனியாவில் 1989-ல் சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் விடுதிகளில் அந்த நிமிஷங்களை வருஷங்களாக அனுபவித்துக்கொண்டிருந்தது வெளியே தெரிந்தது. 2000-ஐ ஒட்டி புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் 136 குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். விடுதியிலேயே இருந்தவர்களின் மூளை மின்னோட்டமே மந்தமாக இருந்தது. குடும்பத்துக்குப் போனவர்களில், இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் அதிகம் தேறினார்கள். பிந்திப் போனவர்கள் குறைவாகத் தேறினார்கள். குறைவாக என்றாலும் தேறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று வயதோடு கதவு சாத்தப்பட்டுவிடுகிறது என்று பயமுறுத்தி விளையாட்டுச் சாமான் விற்கிறவர்களுக்கு இந்த ஆய்வில் இடமில்லை.

அம்புலிக்கும் ஓர் ஆய்வு உண்டு. 1975-ல் ஸ்கேஃபும் ப்ரூனரும், பெரியவர் பார்வையைத் திருப்பிய திசையில் குழந்தையும் திரும்பிப் பார்க்கிறதா என்று சோதித்தார்கள். பதினோரு மாதத்தைத் தாண்டியவை எல்லாம் பார்த்தன. இருவர் சேர்ந்து ஒரு பொருளைப் பார்க்கும் இந்தச் செயலில்தான் சொல் பிறக்கிறது என்று மொழி வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் பலர் இன்று கருதுகிறார்கள். நிலா என்ற சொல் நிலாவுக்கு ஒட்டுவதற்கு முன்னால், இரண்டு ஜோடிக் கண்கள் ஒரே இடத்தில் போய் நிற்க வேண்டும். 1934-ல் முப்பத்தேழு வயதில் இறந்துபோன ருஷ்யர் வைகாட்ஸ்கி இதை இன்னும் பொதுவாகச் சொன்னார்: குழந்தையின் மனத்திறன் ஒவ்வொன்றும் முதலில் இரண்டு பேருக்கு நடுவில் தோன்றுகிறது, பிறகுதான் உள்ளே போகிறது.

4

பௌல்பிக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் மனத்தில் இருந்தது ஒரு தாய், ஒரு குழந்தை, மூடிய அறை. தமிழ்க் குடும்பத்தில் கைகள் அதிகம். அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் ட்ராவிக், தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து எழுதிய ‘நோட்ஸ் ஆன் லவ் இன் எ தமிழ் ஃபேமிலி’ 1990-ல் வந்தது. தன் குழந்தையைத் தாய் எல்லார் முன்னாலும் உற்றுப் பார்த்துக் கொஞ்சுவதில்லை, கண் பட்டுவிடும் என்று அன்பை மறைக்கிறாள், குழந்தையைப் பிறர் கைக்குத் தள்ளுகிறாள், கையிலிருப்பதைப் பங்குபோடச் சொல்லி அதைச் சீண்டுகிறாள் என்பதையெல்லாம் அவர் பொறுமையாகக் கவனித்திருக்கிறார். வாய்மொழித் தாலாட்டுகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யார் அடித்து நீ அழுகிறாய் என்று கேட்டு, அத்தை, மாமன், பாட்டி என்று தாலாட்டு ஒவ்வொருவராக அழைக்கிறது. அழுகிற குழந்தைக்கு அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஆனால் சொல் தெரிவதற்கு முன்னாலேயே உறவின் வரைபடம் அதன் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாமல் இருந்து திருச்செந்தூரில் பேச்சு வரப்பெற்றார் என்று மரபு சொல்லும். தெய்வச் செயலை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கதையில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பேசாத குழந்தையை ஐந்து வருஷம் பேசு பேசு என்று கேட்டுச் சலிக்காத ஒரு வீடு அதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு ஒரு சரித்திர உதாரணம் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1855-ல் பிறந்த உத்தமதானபுரத்துக்காரர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவருடைய பிள்ளைப் பிராயத்தின் முக்கியமான பகுதி 1860-களில் அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்ற ஊர்களில் கழிந்தது என்பதை இந்த ஜில்லாக்காரர்களே மறந்துவிட்டார்கள். குரும்பலூரில் இருந்து பார்த்தால் செங்கணம் பெரம்பலூருக்கு அப்பால், கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். இராமாயணப் பிரசங்கம் செய்து ஜீவித்தவர். பையனுக்குப் பாடம் சொல்ல ஆள் இருக்கிற ஊரைத் தேடிக் குடும்பம் நகர்ந்துகொண்டே இருந்தது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். பிராமணர், பிள்ளை, ரெட்டியார் என்று பல ஜாதிக்காரர்கள். பெரிய செல்வாக்கோ சம்பளமோ எதிர்பார்க்காதவர்கள். ஒருவர் செய்யுளைப் பாடிக் காட்டி ருசி உண்டாக்கினார், ஒருவர் புராணம் சொன்னார், ஒருவர் நன்னூல், ஒருவர் காரிகை. 1871-ல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்வதற்கு முன்னால் அந்தப் பையனை இத்தனை பேர் வா என்று அழைத்திருக்கிறார்கள். 1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கிய ‘என் சரித்திர’த்தை, மேதை ஒருவரின் சுயசரிதையாகவே படித்துப் பழகிவிட்டோம். முதல் பாதியை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். வறண்ட கிராமங்களின் திண்ணைகள் சேர்ந்து ஒரு குழந்தையின் மனத்தைக் கட்டிய வரலாறு அது.

ஆனால் அந்தத் திண்ணைகள் எல்லாருக்கும் திறந்தவை அல்ல. அதே செங்கணத்தில், அதே 1860-களில், சேரியில் பிறந்த பையன் காரிகை கேட்கத் திண்ணை ஏறியிருக்க முடியாது. அவனுக்கு ஆறு வயதில் வந்த அழைப்பு மாடு மேய்க்க வா என்பது. அவனுடைய அக்காளுக்கு வந்த அழைப்பு, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள் என்பது. பிள்ளைத்தமிழ் மரபின் பெரிய பொய் இங்கேதான் இருக்கிறது. தேவகுமாரனுக்கும் அரசகுமாரனுக்கும் தங்கத் தொட்டில், நவரத்தினச் சிறுதேர், நிலாவையே மிரட்டிக் கொண்டுவந்து தரும் அதிகாரம். குழந்தை எப்படி வளர்கிறது என்பதைத் துல்லியமாகக் கவனித்த ஒரு வடிவம், எந்தக் குழந்தையைக் கவனிக்கலாம் என்பதைப் பரிசில் கொடுப்பவரிடம் விட்டுவிட்டது. நடு ராத்திரியில் கூலிக்காரி பாடிய தாலாட்டைப் பாட்டியல்காரர் யாரும் பிரபந்தத்தில் சேர்க்கவில்லை.

5

பாடப்படாத குழந்தையை முதலில் அழைத்தது புலவன் அல்ல, சர்க்கார். 1956-ல் காமராஜர் பள்ளிக்கூடத்துக்குச் சோற்றைக் கொண்டுவந்தார். 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். எம்.ஜி.ஆருக்கும் ஒரு பிள்ளைத்தமிழ் உண்டு. அதைவிட அவர் போட்ட சோறு பிள்ளைத்தமிழுக்கு அருகில் வருகிறது என்று சொன்னால் அது வெறும் கேலி ஆகாது. வா, உட்கார், சாப்பிடு என்ற முன்னிலை வினைமுற்று, பாட்டுடைத் தலைவன் யாரென்று கேட்காமல் எல்லாரையும் பார்த்துச் சொல்லப்பட்டது. அதற்கு முன்பே 1980-ல், மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் உலக வங்கிக் கடனில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதத்திலிருந்து முப்பத்தாறு மாதம் வரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் தூக்கி, எடை ஏறாதவற்றுக்கு மட்டும் சத்துமாவு கொடுத்தது. தாலிலிருந்து சிறுதேர் வரையிலான மாதங்கள் முழுதும் இதற்குள் அடங்கும். அந்த மாதங்களில் பட்டினி கிடக்கும் மூளை பிறகு ஈடுகட்டுவது கஷ்டம் என்ற அறிவு இதன் பின்னால் இருந்தது. நல்ல அறிவுதான். ஆனால் தராசு படர்க்கையில்தான் பேசும்.

1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், வேண்டாம் என்றால் அரசுத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்றது அது. உயிர்கள் பிழைத்தன, அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. எனினும் அது காப்புப் பருவத்துக்கான திட்டம். தொட்டிலில் இருந்து ஒரு குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேரும்வரை கழியும் நாட்களைக் கோப்பு ஒரு விதமாக எண்ணும், மூளை வேறு விதமாக எண்ணும். அந்த நாட்களில் செங்கீரை ஆடு என்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தக் குழந்தை புகாரெஸ்டின் எந்தப் பாதியில் சேரும் என்பது இருக்கிறது.

குரும்பலூரைச் சுற்றி சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். வெங்காய அறுவடைக் காலத்தில் வேப்பமரக் கிளையில் சேலைத் தூளி தொங்கும். தாய் பாத்தியில் இருப்பாள். தூளியை ஆட்ட ஒரு கிழவி இருந்தால் குழந்தைக்கு ஒரு முகமும் ஒரு குரலும் உண்டு. இல்லையென்றால் வேப்பங்கிளை மட்டும். தாய்க்குப் பாசம் இல்லை என்று நகரத்து டாக்டர் பேசுவது பிசகு. அவளிடம் இல்லாதது நேரம், அதுவும் கூலிக்கு விற்றுவிட்ட நேரம். 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இந்த விஷயம் புரிந்த யாரோ ஒருவர் ஒரு விதி எழுதியிருந்தார்: வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி மண் வெட்டாமல் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவளுக்கும் அதே கூலி. பழைய இலக்கியத்தின் செவிலித்தாய் சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டது உண்டு. நான் பார்த்த வேலைத்தலங்களில் அவளைப் பார்த்ததில்லை. குழந்தையோடு பேசிக்கொண்டிருப்பது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்பதை மஸ்டர் ரோல் எழுதுகிறவரால் நம்ப முடியவில்லை போலும்.

இப்போது இன்னொரு காட்சி. மகனும் மருமகளும் திருப்பூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பேரனை வளர்க்கிற ஆயாக்கள். முதியோர் பணம் எடுக்க வங்கிக்கு வரும்போது குழந்தையும் இடுப்பில் வரும். அழுதால் கைபேசியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதில் நிலாப் பாட்டே ஓடும், அழகான பொம்மை நிலா. குழந்தை சிரிக்கும், பதிலுக்கு முனகும்; நிலா அதைக் கவனிக்காமல் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். ட்ரானிக்கின் சலனமற்ற முகத்தைப் போல இது பயமுறுத்துவதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஆயாவைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுபது வயதில் இரண்டாவது முறை தாயாக அவளுக்கு உத்தரவு போட்டது அவளுடைய ஆசை அல்ல.

6

இவ்வளவும் ஒரு கவிதைப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கலாம். நம்முடைய புதுக்கவிதை ஏறத்தாழ முழுதும் ‘நான்’ என்ற இடத்தில் நின்று எழுதப்பட்டது. தனியன், அந்நியன், அறைக்குள் விழித்திருப்பவன். அந்த ‘நான்’ சுயம்பு என்பது போலவும், பிறர் எல்லாம் பிறகு வந்து அதை நெருக்குகிறார்கள் என்பது போலவும் நாம் எழுதிவந்திருக்கிறோம். மேலே சொன்ன சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. யாரோ பல நூறு தடவை ‘நீ’ என்று அழைத்ததன் படிவுதான் ‘நான்’. அழைப்பு வராத இடத்தில் ‘நான்’ உண்டாவதே அரிதாகிவிடுகிறது. தனிமையை எழுதுவதற்குக்கூட ஒருவனை முன்பு யாரோ தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். இதனால் தனிமைக் கவிதை பொய்யாகிவிடாது. ஆனால் அது பாதிக் கதை.

பிள்ளைத்தமிழைத் திரும்பவும் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நூறு செய்யுள் அச்சு உடைந்துபோனதே நல்லது. அதில் செத்துப்போனது அலங்காரமும் முகஸ்துதியும்தான். தன்னைவிடச் சிறிய ஒன்றின் முன் குனிந்து, அது பதில் சொல்லும் என்று நம்பி, சொல்லும்வரை காத்திருக்கிற அந்தக் குரல் தமிழில் எங்கே போயிற்று என்று விமர்சகன் தேட வேண்டும். பெரியாழ்வார் அந்தக் குரலுக்காகத் தன் ஆண்மையைக் கழற்றி வைத்தார். நாம் கழற்றி வைக்க வேண்டியது எது என்று கேட்டுக்கொண்டு, வெங்காயக் காட்டுத் தூளியில் கிடக்கும் குழந்தையிடம் பேச இன்றைய கவிதையில் ஒரு வாக்கியமாவது உண்டா என்று பார்க்கலாம். நான் தேடிய வரையில் அந்தக் குழந்தையைப் பற்றிய கவிதைகள் நிறைய அகப்பட்டன. எல்லாம் படர்க்கையில் இருந்தன.